அணி, அசை, நோக்குநிலை, சந்தி: மலையாள மீடியத்திலிருந்து பி.ஏ. தமிழுக்கு வந்தவர்களுக்கு

கொழிஞ்சாம்பாறை மாணவி

பிளஸ் டூ வரை மலையாள மீடியம், இப்போது பி.ஏ. தமிழ் முதல் வருஷம். அலங்காரம், விருத்தம் எல்லாம் மலையாளத்தில் லட்சணத்தோடு மனப்பாடமாக இருக்கிறது. அதையே தமிழ்ப் பேப்பரில் எழுதினால் பாதி மார்க்தான் விழுகிறது. 'போல்' வந்த இடத்தில் உவமை என்று எழுதினால் தப்பு என்கிறார்கள். அசை பிரித்தால் சீர் வாய்பாடு ஒத்துவரவில்லை. நாவல், நாடகப் பகுதிக்கு வந்தால் கருப்பொருள், முரண், நோக்குநிலை எல்லாம் புத்தகத்துக்குப் புத்தகம் வேறு வேறு அர்த்தத்தில் வருகின்றன. வரையறை வேண்டாம், அது கைடில் இருக்கிறது. ஒரு வரியைக் கொடுத்தால் அதை எப்படிப் பார்ப்பது என்று யாராவது சொல்லுங்கள்.

சித்தூர் வாத்தியார்

எல்லாருக்கும் மனப்பாடமான பாட்டிலேயே பார்க்கலாம் அம்மா. மனோன்மணீயத்தின் தமிழ்த்தெய்வ வணக்கம்:

நீராருங் கடலுடுத்த நிலமடந்தைக் கெழிலொழுகும்
சீராரும் வதனமெனத் திகழ்பரதக் கண்டமிதில்
தெக்கணமும் அதிற்சிறந்த திரவிடநல் திருநாடும்
தக்கசிறு பிறைநுதலும் தரித்தநறுந் திலகமுமே
அத்திலக வாசனைபோல் அனைத்துலகும் இன்பமுற
எத்திசையும் புகழ்மணக்க இருந்தபெருந் தமிழணங்கே

அணியை அடையாளம் காண முதலில் சொல் எந்த வரிசையில் நிற்கிறது என்று பாருங்கள். 'பிறைநுதல்' என்பதில் ஒப்பிடக் கொண்டுவந்த பிறை முன்னால், சொல்லவந்த நெற்றி பின்னால். பிறை போன்ற நுதல் என்று விரியும், ஆகவே உவமைத்தொகை. 'நிலமடந்தை' தலைகீழ். சொல்லவந்த நிலம் முன்னால், மடந்தை பின்னால். நிலமாகிய மடந்தை என்று விரியும், ஆகவே உருவகம். மலர்முகம், முகமலர் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லித்தருவது இதைத்தான். 'ஆகிய' போட்டால் பொருந்துகிறதா, 'போன்ற' போட்டால் பொருந்துகிறதா என்று இரண்டையும் போட்டுப் பார்த்துவிட்டு எழுதினால் தொகைகளில் சறுக்காது.

'அத்திலக வாசனைபோல்' வெளிப்படையான உவமை. நான்கு உறுப்பும் அங்கே இருக்கின்றன: உவமை வாசனை, பொருள் தமிழணங்கின் புகழ், உருபு 'போல்', ஒத்த பண்பு எங்கும் பரவி இன்பம் தருவது. பலரும் முதல் மூன்றையும் எழுதிவிட்டு ஒத்த பண்பை விட்டுவிடுகிறார்கள். மார்க் போவது பெரும்பாலும் அங்கேதான்.

வண்டிப்பெரியாறு

சார், 'வதனமெனத் திகழ்' என்பதை விட்டுவிட்டீர்களே. முழுப் பாட்டையும் உருவகம் என்றுதானே பல கைடிலும் போட்டிருக்கிறார்கள்?

சித்தூர் வாத்தியார்

அந்த 'என' உவம உருபு. நன்னூல் போல, புரைய, ஒப்ப என்று 12 உருபை எண்ணி 'பிறவும்' என்று முடிக்கிறது. தொல்காப்பியம் 'என்ன' என்பதை உருபு வரிசையிலேயே வைத்திருக்கிறது. ஆகவே சட்டகம் உருவகம் (நிலம் ஒரு பெண்), அந்தச் சட்டகத்துக்குள் முகத்துக்கு ஓர் உவமை, நெற்றிக்கு ஓர் உவமைத்தொகை. 'உருவக அணி' என்று ஒற்றைச் சொல்லில் முடிப்பது தப்பில்லை, ஆனால் அரைகுறை. எந்தச் சொல்லில் எது என்று காட்டி எழுதினால் யாரும் மார்க்கைக் குறைக்க முடியாது.

இனி 'போல்' வந்தும் உவமை ஆகாத இடம். சிலப்பதிகாரம், புறஞ்சேரி இறுத்த காதை. கோவலனும் கண்ணகியும் மதுரையை நெருங்குகிறார்கள், மதில் கொடி காற்றில் ஆடுகிறது:

போருழந் தெடுத்த ஆரெயில் நெடுங்கொடி
'வாரல்' என்பனபோல் மறித்துக்கை காட்ட

உவமைக்கு இரண்டு பொருள் வேண்டும். இங்கே கொடியை எதோடு ஒப்பிட்டார் என்று கேட்டுப் பாருங்கள், விடை கிடைக்காது. இருப்பது கொடி ஒன்றுதான். காற்றில் இயல்பாக ஆடுகிற கொடிக்கு 'வராதே என்று கைகாட்டுகிறது' என்று கவிஞர் தாமாக ஒரு காரணம் ஏற்றுகிறார். தண்டியலங்காரம் சொல்கிற 'இயல்பின் விளைதிறன் அன்றி அயலொன்று தான்குறித் தேற்றுதல்' இதுதான், தற்குறிப்பேற்றம். விடையில் இரண்டு வாக்கியம் கட்டாயம் வேண்டும்: இயல்பாக நடப்பது என்ன, கவிஞர் ஏற்றியது என்ன.

மலையாளத்தில் நீங்கள் படித்த உத்பிரேட்சையும் இதுவே. ஆனால் ஏ.ஆர். ராஜராஜவர்மாவின் மலையாள அணி நூலான பாஷாபூஷணத்தின் லட்சணம் 'அதுதானல்லவா இது' என்ற சந்தேகத்தை முன்னால் வைக்கிறது. தமிழ் இலக்கணம் இயல்பு நிகழ்ச்சியை முன்னால் வைக்கிறது. அந்த லட்சணத்தை அப்படியே தமிழாக்கி எழுதினால், திருத்துகிறவர் ஐய அணியை (இதுவா அதுவா என்று ஐயுறுவது) சொல்கிறீர்கள் என்று எடுத்துக்கொள்வார். உங்கள் பாதி மார்க் எங்கே போகிறது என்பதற்கு இது ஒரு காரணமாக இருக்கலாம்.

குப்பம் கரை

அசைப் பிரச்சினைக்கு நான் வருகிறேன். ஆந்திரா பக்கத்துப் பிள்ளைகளுக்கும் இதே தடுமாற்றம்தான். தெலுங்கு, மலையாளம் இரண்டிலும் லகு (குறுகியது), குரு (நீண்டது) என்று எழுத்தெழுத்தாகத்தான் எண்ணிப் பழக்கம். தமிழ் அசை இரண்டு: தனிக் குறிலோ நெடிலோ நின்றால் நேர், இரு குறிலோ குறிலும் நெடிலுமோ சேர்ந்தால் நிரை; பின்னால் ஒற்று வந்தாலும் அதுவே. அந்தக் கணக்கோடு வந்து நேர் என்றால் குரு, நிரை என்றால் இரண்டு லகு என்று பொருத்தினால் எல்லாம் கவிழ்ந்துவிடும்.

முதல் குறளை எடுங்கள். அக/ர, முத/ல, எழுத்/தெல்/லாம், ஆ/தி, பக/வன், முதற்/றே, உலகு. வாய்பாடு (அசை வரிசைக்கு வைத்த பெயர்: நேர் நேர் தேமா, நிரை நேர் புளிமா, நிரை நேர் நேர் புளிமாங்காய்): புளிமா, புளிமா, புளிமாங்காய், தேமா, புளிமா, புளிமா, பிறப்பு.

இதில் 'ஆதி' என்ற சீரைக் கொஞ்சம் நின்று பாருங்கள். லகு குரு கணக்கில் ஆ குரு, தி லகு. தமிழ்க் கணக்கில் இரண்டுமே நேரசை. சீரின் கடைசியில் தனியாக நிற்கிற குறிலும் நேர்தான். 'முதற்' என்பது லகு, குரு என்று இரண்டு எண்ணிக்கை, தமிழில் ஒற்றை நிரையசை. அதாவது அசை என்பது எழுத்தின் நீளத்தை மட்டும் பார்ப்பதில்லை, எழுத்துகள் எப்படிச் சேர்கின்றன என்பதையும் பார்க்கிறது. சீரின் தொடக்கத்தில் குறில் வந்து, அடுத்தது ஒற்றாக இல்லாவிட்டால், அந்தக் குறில் தனியே நிற்காது. அடுத்த உயிர்மெய்யைக் கூட்டிக்கொண்டு நிரையாகிவிடும். 'அக' ஒன்றாக நிற்பதும் 'ர' தனியாக நிற்பதும் அதனால்தான்.

பிரித்து முடித்ததும் தளை (ஒரு சீரும் அடுத்த சீரும் சேரும் விதம்) பார்த்துவிடுங்கள், பிழை உடனே தெரியும். வெண்பாவில் மாச்சீருக்கு (ஈரசை, நேரில் முடிவது) அடுத்து நிரை வரும், விளச்சீருக்கு (ஈரசை, நிரையில் முடிவது) அடுத்து நேர் வரும், காய்ச்சீருக்கு (மூவசை, நேரில் முடிவது) அடுத்து நேர் வரும். எழுத்தெல்லாம் காய், அடுத்தது 'ஆ' நேர். சரி. ஆதி மா, அடுத்தது 'பக' நிரை. சரி. ஓரிடத்தில் இடித்தால் முக்காலே மூணு வீசம் உங்கள் பிரிப்பில்தான் தப்பு, வள்ளுவரிடம் இல்லை.

எதுகையில் நமக்குச் சலுகை உண்டு. தெலுங்கு ப்ராஸ, மலையாள த்விதீயாட்சரப் பிராசம் இரண்டுமே இரண்டாம் எழுத்து ஒன்றுவது, அதாவது எதுகை. மேலே வாத்தியார் போட்ட பாட்டில் நீராரும்/சீராரும் ஒரு சோடி, தெக்கணமும்/தக்கசிறு இன்னொரு சோடி. முதலெழுத்து வேறாக இருக்கலாம், அளவு ஒத்திருக்க வேண்டும்: நீ, சீ நெடில்; தெ, த குறில். மலையாள இலக்கணம் சொல்லும் 14ஆம் நூற்றாண்டு லீலாதிலகம் 'பாட்டு' என்பதற்கு லட்சணம் சொல்லும்போதே எதுகையையும் மோனையையும் (முதலெழுத்து ஒன்றுவது) சேர்த்துத்தான் சொல்கிறது. ஆகவே மலையாளம் படித்தவர்களுக்கு இது அந்நியச் சரக்கு இல்லை.

'யதி' மட்டும் கவனம். மலையாளத்தில் யதி என்றால் அடிக்குள் நிற்கிற இடம். தெலுங்கில் அடியின் முதலெழுத்தோடு குறிப்பிட்ட இடத்து எழுத்து ஒன்றுவது. உத்பலமாலை, சம்பகமாலை என்பவை தெலுங்கு விருத்தங்கள்: உத்பலமாலையில் 10ஆம் எழுத்து, சம்பகமாலையில் 11ஆம் எழுத்து. அது மோனைக்குப் பக்கத்தில் வரும். ஆனால் தமிழ் மோனையை எழுத்தெண்ணிப் பார்ப்பதில்லை, சீரெண்ணிப் பார்க்கிறோம்: முதல் இரண்டு சீர் இணை, முதலும் மூன்றும் பொழிப்பு, முதலும் நான்கும் ஒரூஉ.

கொழிஞ்சாம்பாறை மாணவி

நன்றி சார். 'ஆதி' விஷயம் இப்போதுதான் பிடிபட்டது. கருப்பொருள் குழப்பத்தை யாராவது தீர்த்துவையுங்களேன். சங்கப் பாட்டுக்குப் புலி, யானை என்று எழுதச் சொல்கிறார்கள், சிறுகதைக்கு 'வறுமை' என்று எழுதச் சொல்கிறார்கள்.

வண்டிப்பெரியாறு

இரண்டும் வேறு வேறு துறை, சொல் ஒன்றாகப் போய்விட்டது. தொல்காப்பிய வழியில் கருப்பொருள் என்றால் அந்த நிலத்தில் உள்ள தெய்வம், உணவு, விலங்கு, மரம், புள், பறை, தொழில், யாழ் போன்றவை. பாட்டு எதைப் பற்றியது என்பதற்கு அங்கே உரிப்பொருள் என்று பெயர். இக்கால விமர்சனத்தில் கதையின் மையக் கருத்தைக் கருப்பொருள் என்று எழுதுகிறார்கள். தேர்வில் சங்கப் பாட்டுக்கு முதல் (நிலமும் பொழுதும்), கரு, உரி. கதைக்கு 'மையக்கருத்து' என்று வைத்துக்கொண்டால் தலைவலி இல்லை. 'முரண்' இன்னும் மோசம். தொடையிலும் முரண், பாத்திர மோதலும் முரண், பார்வையாளருக்குத் தெரிந்தது பாத்திரத்துக்குத் தெரியாமல் இருப்பதும் முரண். அதனால் முரண் தொடை, மோதல், நாடக முரண் என்று முழுசாகவே எழுதிவிடுங்கள்.

கருப்பொருளை வெறுமனே பட்டியல் போடுவது சங்கப் பாட்டில் பெரிய வியாதி. குறுந்தொகை 8, ஆலங்குடி வங்கனார்:

கழனி மாஅத்து விளைந்துஉகு தீம்பழம்
பழன வாளை கதூஉம் ஊரன்
எம்இல் பெருமொழி கூறித் தம்இல்
கையும் காலும் தூக்கத் தூக்கும்
ஆடிப் பாவை போல
மேவன செய்யும்தன் புதல்வன் தாய்க்கே

'மா, வாளை, திணை மருதம்' என்று எழுதி நிறுத்திவிடுகிறார்கள். இங்கே பேசுவது யார்? பரத்தை. தலைவி தன்னைப் பழித்தாள் என்று கேள்விப்பட்டு, தலைவி பக்கத்து ஆட்கள் காதில் விழும்படி சொல்கிறாள். இப்போது மாம்பழத்தைப் பாருங்கள். வயலோர மரத்திலிருந்து பழம் தானாகவே விழுகிறது, வாளை அதைக் கவ்விக்கொள்கிறது. வாளை மரமேறிப் பறிக்கவில்லை. 'அவன் தானாக வந்தான், நாங்கள் வளைத்துப் போடவில்லை' என்பது அவள் வாதம். அதை அவள் வாய்விட்டுச் சொல்லவே இல்லை. இது உள்ளுறை உவமம். பின்னால் 'ஆடிப் பாவை போல' என்பது ஏனை உவமம்: கண்ணாடிக்கு முன் நிற்கிறவர் கை தூக்கினால் பாவையும் தூக்கும், வீட்டில் மனைவிக்கு முன் அவன் அப்படித்தான். ஒளித்துச் சொன்னது ஒன்று, உருபு போட்டுச் சொன்னது ஒன்று, ஆறே அடியில் இரண்டும். இரண்டுக்கும் வேறுபாடு கேட்டால் இந்த ஒரு பாட்டே போதும்.

கூற்று யாருடையது என்று பார்க்காவிட்டால் இந்தப் பாட்டில் எதுவுமே விளங்காது. இதையே தலைவி சொல்லியிருந்தால் மாம்பழத்துக்குப் பொருள் வேறு.

சித்தூர் வாத்தியார்

கடைசி வரியைப் பிள்ளைகள் அடிக்கோடிட வேண்டும். கூற்று என்பது திணை, துறைக்கு மட்டும் உள்ள சமாச்சாரம் இல்லை. நாவலில் கதைசொல்லி என்று படிப்பதும் அதே கேள்விதான்.

வண்டிப்பெரியாறு

ஆமாம் சார், அங்கேதான் வருகிறேன். எஸ்டேட் கதை மாதிரி நாலு வரி, எடுத்துக்காட்டுக்காக:

விசில் கேட்டது. செல்வி கூடையை இறக்கவில்லை. இன்னும் ரெண்டு கிலோ. அதுக்குள்ள என்ன அவசரம் இந்த ஆளுக்கு, மலை எங்கயாச்சும் ஓடியா போகுது?

'படர்க்கை நோக்குநிலை' என்று எழுதிவிட்டுப் போகிறவர்கள்தான் அதிகம். 1972இல் பிரெஞ்சு விமர்சகர் ழெரார் ழெனெத் பிரித்துக் காட்டிய இரண்டு கேள்வியைக் கேளுங்கள்: சொல்வது யார், பார்ப்பது யார். சொல்வது வெளியே நிற்கிற ஒரு கதைசொல்லி, 'செல்வி' என்று பெயர் சொல்கிறாரே. ஆனால் மூன்றாம் வாக்கியத்திலிருந்து பார்வையும் பேச்சு வழக்கும் செல்வியுடையது. மேற்கோள் குறி இல்லை, 'என்று நினைத்தாள்' இல்லை. நேர்க்கூற்றுக்கும் அயற்கூற்றுக்கும் நடுவில் நிற்கிற கூற்று இது. எழுத்து வழக்கிலிருந்து பேச்சு வழக்குக்குத் தாவிய இடம்தான் தடயம். விடையில் அந்த இடத்தைக் காட்டுங்கள்.

அடுத்து 'கங்காணிக்குக் காலையிலிருந்தே காய்ச்சல், அது செல்விக்குத் தெரியாது' என்று ஒரு வரி சேருங்கள். அவ்வளவுதான், எல்லாம் அறிந்த கதைசொல்லியாகிவிட்டது. அவள் கோபத்தின் மேல் நமக்கு இருந்த ஒட்டுதலும் கொஞ்சம் தளர்கிறது. நோக்குநிலை மாறினால் வாசகர் யார் பக்கம் சாய்கிறார் என்பது மாறும், எழுத வேண்டியது அதைத்தான். இப்படிச் சில வாக்கியம் மனசுக்குள் போனதுமே 'நனவோடை உத்தி' என்று எழுதுவது இன்னொரு தப்பு. நினைவு நினைவைத் தொட்டு, கால ஒழுங்கும் வாக்கிய ஒழுங்கும் குலைந்து ஓடினால்தான் நனவோடை. செல்வியின் எண்ணம் ஒழுங்காக ஒரே விஷயத்தில் நிற்கிறது.

கதை, கதைப்பின்னல் வேறுபாடு எளிது. 1927இல் ஆங்கில நாவலாசிரியர் ஃபார்ஸ்டர் சொன்னது: அரசர் இறந்தார், பிறகு அரசி இறந்தாள் என்றால் கதை, அந்தத் துயரத்தால் அரசி இறந்தாள் என்றால் பின்னல். காரணம் வந்துவிட்டதா என்று பாருங்கள்.

பாறசாலை நாடகம்

நாடகத்துக்கு எங்கள் பக்கத்துப் பிரதியே இருக்கிறது. மனோன்மணீயம் 1891இல் வந்தது, எழுதிய பெ. சுந்தரம் பிள்ளை ஆலப்புழையில் பிறந்து திருவனந்தபுரத்தில் தத்துவப் பேராசிரியராக இருந்தவர். லிட்டன் எழுதிய ஓர் ஆங்கிலக் கதையின் தழுவல். 5 அங்கம், 20 களம். சேரனுக்கும் பாண்டியனுக்கும் சண்டை மூள்வதே நாஞ்சில் நாட்டுக்காக.

அமைப்பு கேட்டால் எல்லாரும் 1863இல் ஃப்ரைடாக் போட்ட பிரமிடை வரைகிறார்கள்: தொடக்கம், வளர்ச்சி, உச்சம், வீழ்ச்சி, முடிவு. அதில் உச்சம் நடுவில் நிற்கும், அப்புறம் சரிவு. துன்பியலுக்கு அது பொருந்தும். மனோன்மணீயத்தில் அதைப் போட்டால் உச்சத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல் போரில் கொண்டுபோய் வைக்கிறார்கள். பிழைக்குக் காரணம் தப்பான அளவுகோல்.

சிலப்பதிகாரத்துக்கு அடியார்க்கு நல்லார் எழுதிய உரையில் வரும் ஐந்து சந்தியை (கதை வளரும் கட்டங்களை) போட்டுப் பாருங்கள்: முகம், பிரதிமுகம், கருப்பம், விளைவு, துய்த்தல். பயிரை வைத்தே விளக்குகிறார். வித்து முளைப்பது, நாற்றாவது, கருக்கொள்வது, விளைவது, அறுத்து உண்பது. இதில் சரிவே கிடையாது, கடைசிவரை ஏற்றம்தான். பாண்டியன் ஜீவகன் மகள் மனோன்மணியும் சேரன் புருடோத்தமனும் ஒருவரை ஒருவர் கனவில் காண்பது வித்து. அமைச்சன் குடிலனின் சூழ்ச்சி, தூது கெடுவது, போர் தோற்பது எல்லாம் பயிருக்கு வந்த இடைஞ்சல். குடிலன் மகன் பலதேவனோடு மணம் நடக்கவிருந்த இடத்துக்குச் சுரங்க வழியே புருடோத்தமன் வந்து சேர்வதும், மனோன்மணி அவனைக் கண்டு மாலையிடுவதும் துய்த்தல்.

நாடக முரணுக்கும் அந்தச் சுரங்கமே சான்று. ஜீவகனின் குரு சுந்தர முனிவர் அதை அமைத்தது நமக்குத் தெரியும், ஜீவகனுக்குத் தெரியாது. குடிலன் தனியே பேசுகிற தனிமொழியால் அவன் உள்ளம் நமக்குத் தெரியும், ஜீவகன் அவனையே நம்புகிறான். பார்வையாளருக்குத் தெரிந்தது, பாத்திரத்துக்குத் தெரியாதது, அந்த அறியாமையில் பாத்திரம் செய்கிற காரியம்: இந்த மூன்றையும் எழுதினால்தான் நாடக முரண். முதல் இரண்டோடு நிறுத்தினால் அது வெறும் ரகசியம்.

குப்பம் கரை

சிலப்பதிகாரத்தில் பதிகமே முழுக் கதையையும் முன்கூட்டிச் சொல்லிவிடுகிறதே. அப்போது சிலம்பு விற்கப் போகிற கோவலன் பேசுவதெல்லாம் நாடக முரண்தானே?

பாறசாலை நாடகம்

ஆமாம். கொடி 'வாரல்' என்று கைகாட்டுவது நம்மை உறுத்துவதும் அதனால்தான். அணியும் நாடக முரணும் அங்கே ஒரே வரியில் வேலை செய்கின்றன. பாலக்காட்டுத் தோல்பாவைக்கூத்தும் இப்படித்தான். கம்பன் பாட்டைச் சொல்லி, உரையும் சொல்லிக்கொண்டே போவார்கள், முடிவு தெரியாத ஆள் யாரும் கூத்துமாடத்துக்கு முன்னால் இருக்கப்போவதில்லை. அடுத்து என்ன என்பதை விட எப்படி என்பதுதான் அங்கே இழுக்கிறது.

வழக்குரை காதையை அரிஸ்டாட்டில் சொற்களுக்கு வைத்துக்கொள்ளுங்கள். பாண்டியன் 'யாமுடைச் சிலம்பு முத்துடை அரியே' என்கிறான். கண்ணகி சிலம்பை உடைக்கிறாள், 'மன்னவன் வாய்முதல் தெறித்தது மணியே'. முத்து இல்லை, மாணிக்கம். அறியாமை நீங்கி உண்மை தெரிவது கண்டறிதல். நீதி சொல்ல உட்கார்ந்தவன் குற்றவாளியாவது தலைகீழ்த் திருப்பம். 'யானோ அரசன் யானே கள்வன்' என்பதில் இரண்டும் ஒரே நொடியில். இரண்டும் சேர்ந்து வருவதே சிறந்தது என்று அரிஸ்டாட்டில் சொன்னதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு தேட வேண்டாம். அவன் பிழை என்ன என்று கேட்டால் 'தீயவன்' என்று எழுதாதீர்கள். துன்பியல் பிழை கெட்ட குணம் இல்லை, தவறிய தீர்ப்பு. ஆராயாமல் 'கொன்று அச்சிலம்பு கொணர்க' என்றதுதான்.

வண்டிப்பெரியாறு

சிலம்பு குறியீடா என்றும் கேட்பார்கள். ஒரு தடவை கண்ணுக்குத் தெரியும்படி வந்தால் படிமம். திரும்பத் திரும்ப வந்து, வந்த இடமெல்லாம் பொருள் கூடிக்கொண்டே போனால் குறியீடு. சிலம்பு அப்படிக் கூடுகிறது: கழற்றி வைத்த நகை, விற்கக் கொடுத்த முதல், களவின் பொய்ச்சாட்சி, நீதியின் மெய்ச்சாட்சி. தொன்மம் (பழங்கதை உரு) வேறு. வேங்கை நிழலில் நின்ற கண்ணகி இன்றைய கவிதை ஒன்றில் வந்தால் அங்கே அவள் தொன்மம். சித்ரா பௌர்ணமிக்குக் கண்ணகி கோயில் உள்ள மங்கலதேவி மலை ஏறுகிற கூட்டத்துக்கு அவள் இரண்டும் இல்லை, தெய்வம். அதை விடைத்தாளில் எழுத வேண்டாம்.

கொழிஞ்சாம்பாறை மாணவி

கடைசியாக ஒன்று. 'தேவர் அனையர் கயவர் அவருந்தாம் மேவன செய்தொழுக லான்'. இதில் 'அனையர்' இருக்கிறது, உவமை என்று எழுதலாமா, அங்கதம் (நையாண்டி) என்றா?

சித்தூர் வாத்தியார்

வஞ்சப்புகழ்ச்சி. உவமை அதற்கு ஏணி. தேவரும் கயவரும் நினைத்ததைச் செய்கிறவர்கள் என்று ஒத்த பண்பு காட்டி, புகழ்வதுபோல் ஏற்றி, தட்டிக்கேட்க ஆளில்லாத திமிரைப் பழிக்கிறார். அங்கதம் என்று எழுதினால் அது அணியின் பெயர் இல்லை, தொல்காப்பியம் செய்யுளியலில் செம்பொருள் (நேராகப் பழிப்பது), பழிகரப்பு (மறைத்துப் பழிப்பது) என்று பிரிக்கிற பரந்த வகை. இந்தக் குறள் அதில் பழிகரப்புப் பக்கம் நிற்கும். 'அணி எது' என்று கேட்டால் வஞ்சப்புகழ்ச்சி, 'தொனி எது' என்று கேட்டால் அங்கதம். கேள்வியில் எந்தச் சொல் இருக்கிறது என்று பார்த்துவிட்டுப் பேனாவைத் திறவுங்கள்.